கோடியக்கரைக்குக் கேம்பர், கும்பகோணத்துக்கு லாட்ஜ்

காவிரி டெல்டாவைச் சுற்றக் கேம்பர் வேன் எடுக்கலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பிள்ளைகளுக்கு எந்த இடத்தை நின்று நிதானமாகக் காட்டப் போகிறீர்கள்? அது தெரிந்தால் வண்டி தானாக முடிவாகிவிடும். நடப்பது என்னவோ தலைகீழாக இருக்கிறது. முதலில் வண்டியை புக் செய்துவிடுகிறார்கள். அப்புறம் அதை எங்கே ஓட்டுவது என்று மேப்பைப் பார்க்கிறார்கள்.

வருகிற பொங்கலுக்குக் கோவையிலிருந்து எங்கள் அத்தை குடும்பம் வருகிறது. பெரியவர்கள் ஐந்து பேர், எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி, ஐந்தாவது படிக்கும் பையன் ஒருவன். கேம்பரில்தான் வருவேன் என்று அத்தான் ஒற்றைக் காலில் நிற்கிறார். மூட்டு வலிக்காரியான அத்தைக்கு இருப்பது ஒரே ஒரு சந்தேகம்: "உள்ளே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்காடா?" இவர்களுக்காகப் போட்டுப் பார்த்த கணக்கு, மற்ற குடும்பங்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்று வண்டிகள்

முதல் வழி சொந்தக் கார். நாலு பேர் குடும்பம் என்றால் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டுக் காரிலேயே கிளம்பலாம். நம்மூர்த் தெருக்களுக்குக் காரைப் போல் தோதான வண்டி வேறில்லை. ஏழு பேரானால்தான் சிக்கல். மூன்றாவது வரிசையில் முட்டி மடக்கி உட்கார அத்தையால் ஆகாது. அவரை முன்னால் உட்கார வைத்தால் பின்னால் யாராவது மூட்டை முடிச்சோடு நசுங்க வேண்டும்.

இரண்டாவது, டெம்போ டிராவலரும் லாட்ஜ் ரூமும். கல்யாணத்துக்கும் குலதெய்வம் கோயிலுக்கும் போய்ப் போய் எல்லோருக்கும் பழகிய ஏற்பாடு. டிரைவருக்கு ஊர் தெரியும், எந்தக் கோயிலுக்கு எந்தப் பக்கம் நிறுத்த வேண்டும் என்று தெரியும். கால் நீட்ட இடம் உண்டு, படுக்க இடம் கிடையாது.

மூன்றாவது கேம்பர். நம் பக்கம் வாடகைக்குக் கிடைப்பவற்றில் பல, அதே டிராவலர் மாதிரி வேனை எடுத்து உள்ளே படுக்கை, சின்ன அடுப்பு, கைகழுவும் தொட்டி, கழிப்பறை என்று கட்டியவைதான். ஆகவே சாலையில் அது நடந்துகொள்ளும் விதமும் டிராவலர் மாதிரிதான், கூரையில் ஏசி ஏறியிருந்தால் உயரம் மட்டும் கூடுதல். இங்கே கவனிக்க வேண்டியது, உட்காரும் எண்ணிக்கை வேறு, படுக்கும் எண்ணிக்கை வேறு என்பது. ஏழு பேர் உட்கார்ந்து வரும் வண்டியில் ஏழு பேர் படுக்க முடியாது. டிரைவர் எங்கே படுப்பார் என்பதை யாருமே யோசிப்பதில்லை. பகல் முழுக்க ஓட்டுகிறவர் முன் சீட்டில் சாய்ந்தபடி ராத்திரியைக் கழித்தால், மறுநாள் நம் உயிர் அவர் கொட்டாவியில் இருக்கிறது.

வாடகையை ஒப்பிடும்போது நாள் வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வரை, மேலே போனால் எவ்வளவு, டிரைவர் பேட்டா, கடைசியில் சுத்தம் செய்யும் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேலாக 'ஷெட் டு ஷெட்' கணக்கா என்பது. கேம்பர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து கிளம்பி வந்தால், காலி வண்டி வந்து திரும்பும் தூரத்துக்கும் நாம்தான் கட்ட வேண்டும். அந்தத் தூரம் டெல்டாவுக்குள் நாம் சுற்றப் போகிற தூரத்தைவிட அதிகமாகவே இருக்கும்.

ஏனென்றால் டெல்டா சின்னது. திருச்சியில் தொடங்கி தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை முனை வரை போனாலும் சுமார் 260 கிலோமீட்டர்தான். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர். ஓடிக்கொண்டே தூங்க வேண்டிய தேவை இங்கே வராது. இரண்டு ஊருக்கு நடுவில் பசித்தால் ஏதாவது ஒரு மெஸ் வந்துவிடும், டிகிரி காபி போர்டு பத்து வந்துவிடும். வண்டிக்குள் அடுப்பு மூட்டிச் சாம்பார் வைக்கிற வேலை கும்பகோணத்தில் எதற்கு?

ராத்திரிதான் தகராறு

கேம்பர் என்றதும் எல்லோர் மனத்திலும் வருவது ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி, நட்சத்திரம் பார்த்துக்கொண்டு தூங்குவது. அந்தப் படத்தை டெல்டாவில் கொஞ்சம் மாற்றித்தான் வரைய வேண்டும். இங்கே சாலைக்கு ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். இரண்டுக்கும் நடுவில் ஒரு பஸ் வந்தால் எதிரே வருகிற டிராக்டர் ஒதுங்கி நிற்கும் அளவுக்குத்தான் இடம். பொங்கலை ஒட்டிச் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் அறுப்பு மெஷின் ஏற்றிய லாரிகள் வரும், ரோட்டின் பாதியில் நெல் காயும். ஆற்றங்கரை மேட்டு ரோட்டில் உள்ளே போய்விட்டால் வண்டியைத் திருப்ப அடுத்த மதகு வரை போக வேண்டியிருக்கும். கரையில் மண் ஈரமாக இருந்தால் ஓரத்தில் இறக்கவே கூடாது.

நல்ல இடம் என்று பார்த்தால், சொந்தக்காரர் வீட்டுக் களம், தோப்பு, அனுமதி கேட்டுக் கல்யாண மண்டப வளாகம், லாட்ஜ் கார் பார்க்கிங். சொந்தக்காரர் வீட்டில் வேறொரு சிக்கல் உண்டு. வாசலில் வேனை நிறுத்திவிட்டு உள்ளேயே படுக்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள். "எங்க வீட்ல இடமா இல்ல?" என்று தொடங்கும் பேச்சு அடுத்த கல்யாணம் வரை நீளும்.

நிற்கிற வண்டியில் ராத்திரி முழுக்க ஏசி ஓட வேண்டுமென்றால் 15 ஆம்பியர் பிளக் கொடுக்க ஓர் இடம் வேண்டும், அல்லது ஜெனரேட்டர் உறும வேண்டும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் பேட்டரி போதும். ஜனவரியில் ஏசி தேவைப்படாது என்பது ஒரு நிம்மதி. கொசு தேவையே இல்லாமல் வரும். ஜன்னலுக்கு வலை இருக்கிறதா என்பதைப் போட்டோவில் பார்க்காமல் நேரில் பாருங்கள்.

கழிவுத் தொட்டி விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபம் வரும். அதைச் செப்டிக் டேங்க் இணைப்புள்ள கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும். லாட்ஜில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இருட்டில் வாய்க்கால் ஓரம் திறந்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வர வேண்டாம். அதே தண்ணீரில்தான் அடுத்த ஊர்ப் படித்துறையில் ஆள் குளிக்கிறார்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் டெல்டாவில் ராத்திரிக்குக் கேம்பரைவிட லாட்ஜ் மேல். அப்படியானால் கேம்பர் எதற்கு? பகலுக்கு. நிழலும் கழிப்பறையும் சாப்பாடும் இல்லாத ஓர் இடத்தில் அரை நாள் நிற்க வேண்டுமென்றால், படுக்கையும் டாய்லெட்டும் உள்ள வண்டிக்கு ஈடில்லை. அப்படிப்பட்ட இடம் நம் வழியில் எது என்பதுதான் கேள்வி.

எங்கே நிற்பது

கல்லணையிலிருந்து தொடங்கலாம். பாடப்புத்தகத்தில் கரிகாலன் கட்டியது என்று ஒரு வரி இருக்கும். பிள்ளைகள் மனப்பாடம் செய்திருப்பார்கள். எதற்காகக் கட்டினான் என்று கேட்டால் விழிப்பார்கள். காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வானது. சும்மா விட்டால் காவிரித் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் இறங்கிக் கடலுக்கு ஓடிவிடும், வயலுக்கு வராது. அந்தச் சரிவைத் தடுத்துத் தண்ணீரைக் காவிரி பக்கமே நிறுத்த வந்ததுதான் கல்லணை. வெள்ளம் வந்தால் உபரியைக் கொள்ளிடத்தில் தள்ளிவிடலாம். ஆற்று மணலில் அஸ்திவாரம் எப்படிப் போட்டார்கள் என்பது அடுத்த கேள்வி. கடற்கரையில் அலை வந்து போகும்போது நம் கால் தானாக மணலுக்குள் புதைகிறதல்லவா, அதே மாதிரிப் பெரிய பாறைகளை ஆற்றில் போட்டு, அவை புதையப் புதைய மேலே இன்னொன்றைக் களிமண் பூசி அடுக்கினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். 19-ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். அந்த மேலணையில்தான் 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் மதகுகள் உடைந்து போயின. இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அணை என்பது கட்டி முடித்துவிட்டு மறந்துவிடுகிற சமாசாரம் கிடையாது.

கல்லணைக்கு இரண்டு மணி நேரம் போதும். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிவதை நடந்தே பார்த்துவிடலாம். பாலம் குறுகல், எந்த வண்டியானாலும் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். கடைகள் உண்டு. கேம்பரால் இங்கே ஒரு லாபமும் இல்லை. ஒரு நிபந்தனை: ஆற்றில் தண்ணீர் இருக்க வேண்டும். வழக்கப்படி மேட்டூரை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். மே மாத விடுமுறையில் வந்தால் மணலைத்தான் பார்ப்பீர்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? மத்தியானம் நடை சாத்தியிருக்கும், மாட்டுப் பொங்கலன்று நந்திக்குக் காய்கறி அலங்காரம் பார்க்க ஊரே திரளும், அன்று பெரிய வண்டியோடு அந்தப் பக்கம் போகாதீர்கள். அவ்வளவுதான்.

கும்பகோணத்தை ஒட்டிய சுவாமிமலைதான் பலர் தவற விடும் பாடம். முருகனைப் பார்த்துவிட்டு இறங்கிக் கிளம்பிவிடுகிறார்கள். கீழே தெருக்களில் ஸ்தபதிகளின் பட்டறைகள் இருக்கின்றன. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போனால் பலர் காட்டுவார்கள். சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்து முகம், மார்பு, முழங்கால் என்று அளவு பிரிப்பார்கள். இதற்கு ஒடியோலை என்று பேர். ஸ்கேல் இல்லாமல் பின்னக் கணக்கு நடப்பதை ஐந்தாம் வகுப்புப் பையன் கண்ணால் பார்ப்பான். தேன்மெழுகில் குங்கிலியப் பிசின் கலந்து உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைப்பார்கள். அச்சு உடைந்துவிடுவதால் ஒரு சிலை மாதிரி இன்னொன்று வராது. வயலுக்கு உரமான அதே வண்டல், நைசாக இருப்பதால் மெழுகின் ஒவ்வொரு கீறலையும் பிடித்துக்கொள்கிறது. நெல்லுக்கும் நடராஜருக்கும் ஒரே மண் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான். தெருக்கள் ஒடுக்கம். கேம்பரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடிக்க வேண்டும். இந்த இடத்துக்கு டிராவலரும் கும்பகோணத்தில் ரூமும்தான் சரி; பக்கத்துத் தாராசுரம் கோயிலையும் அதே நாளில் முடித்துவிடலாம்.

கேம்பரா டிராவலரா என்ற கேள்வியில் தரங்கம்பாடி நடுவில் நிற்கிறது. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி இருக்கிறது. 1706-இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கே அச்சகம் வைத்தார். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் முழுசாக வெளிவந்தது. தமிழில் முதல் அச்சே இங்கேதான் என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை, கொல்லத்தில் 1578-லேயே தமிழ் நூல் அச்சாகிவிட்டது. அச்சுக்காகக் காகிதம் செய்யும் ஆலை வரை இங்கேயே முயன்றார்கள் என்பதுதான் தரங்கம்பாடியின் தனிக் கதை. 1845-இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். ஒரு காலை நேரத்துக்கு அருமையான இடம். வெயில் ஏறினால் கோட்டை வெளியில் நிழல் குறைவு; கேம்பர் இருந்தால் அத்தை படுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம்.

வேதாரண்யம்

என் வாக்கு இதற்குத்தான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆங்கிலேயரின் உப்புச் சட்டத்தை மீறுவதற்காக 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாக ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நடந்து 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். நடப்பவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சை கலெக்டர் தோர்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை ரோட்டோர மரக் கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். மரத்தில் சோறு இருந்தால் யாரைப் பிடிப்பது? 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள், ராஜாஜி கைதானார். ஊரில் வைரப்பன் என்ற முடி திருத்துபவர், தான் சவரம் செய்துகொண்டிருக்கும் ஆள் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டு எழுந்து, சிறைக்கும் போனார் என்பது வேதாரண்யத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

நம் குடும்பம் திருச்சியிலிருந்து கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் போனால், ஏறக்குறைய அவர்கள் நடந்த பாதையில்தான் போகிறது. எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் ஒரு மேப்பும் பென்சிலும் கொடுத்து, அவர்கள் பதினைந்து நாளில் நடந்ததை நாம் எத்தனை மணி நேரத்தில் கடக்கிறோம் என்று குறித்துக்கொண்டே வரச் சொல்லலாம். மற்ற இடங்களில் பாடம் ஓரிடத்தில் இருக்கிறது. இங்கே ரோடு முழுக்க இருக்கிறது.

அகஸ்தியம்பள்ளியில் நினைவுத் தூணைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் நாலா பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியாக உப்பு நீரைக் கட்டி, வெயிலும் காற்றும் நீரை இழுத்துக்கொண்ட பிறகு, நீண்ட கம்பு மாட்டிய பலகையால் உப்பை வாரிக் குவிக்கிறார்கள். வேலை நடக்கும் இடத்தில் அனுமதி கேட்டுத்தான் இறங்க வேண்டும், வரப்பை மிதித்து உடைத்துவிடக் கூடாது. ஒரு மரம் கிடையாது, ஒரு டீக்கடை கிடையாது. வெள்ளைத் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் கண் கூசும். இங்கேதான் கேம்பர் தன் வாடகையைச் சம்பாதிக்கிறது. பிள்ளைகளும் அத்தானும் வெளியே நிற்க, அத்தை உள்ளே கால் நீட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். கழிப்பறைக்காக வேதாரண்யத்துக்குத் திரும்பி ஓட வேண்டியதில்லை. வெளியூர்ப் பயணத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்காமலேயே நாள் முழுக்க இருப்பதை ஆண்கள் கவனிப்பதில்லை; டாய்லெட் உள்ள வண்டியின் அருமை அவர்களுக்குத்தான் தெரியும்.

அங்கிருந்து கோடியக்கரை பக்கம். 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, 2002-இல் உலக முக்கியத்துவமுள்ள சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வெளிமான், காட்டுக் குதிரை, சதுப்பில் பூநாரை, இன்னும் பல வலசைப் பறவைகள். விடிகாலையும் சாயங்காலமும்தான் நேரம். வனத்துறைச் சோதனைச் சாவடியில் அனுமதி வாங்கிப் போக வேண்டும். காட்டுக்குள் கேம்பரில் ராத்திரி தங்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். வனத்துறையின் 'பூநாரை இல்லம்' விடுதி இருக்கிறது, கிடைத்தால் விடாதீர்கள். விடியும் முன் கிளம்பும்போது சாப்பிட ஒன்றும் கிடைக்காது. வண்டியின் சின்ன அடுப்பில் காபி போட்டு, முதல் நாள் கட்டி வாங்கிய இட்லியைச் சாப்பிடுவதற்குக் கேம்பர் வசதி. இந்தப் பயணத்தில் அந்த அடுப்பை மூட்டுகிற ஒரே காலை இதுவாகத்தான் இருக்கும்.

குறையும் உண்டு. உப்பும் பறவையும் ஒரே நேரத்தில் முழுசாகக் கிடைக்காது. பறவைகள் மழைக்குப் பிறகு வந்து குளிர் முடியும்வரை இருக்கும்; உப்பு வெயில் காலத்துச் சரக்கு. பொங்கல் சமயத்தில் பாத்திகளைச் சீர்செய்யும் வேலையைத்தான் பெரும்பாலும் பார்க்க முடியும், பனி மாதிரிக் குவிந்த உப்பைப் பார்க்கக் கோடை வரை காத்திருக்க வேண்டும். கோடையில் வந்தால் பூநாரை அதிகம் இருக்காது, கல்லணையிலும் தண்ணீர் இருக்காது. அரையாண்டு விடுமுறையில் புயல் பயம். 2018 நவம்பரில் கஜா கரையைக் கடந்தது இந்த வேதாரண்யம் அருகில்தான். டிசம்பர் கடைசி வரை வானிலைச் செய்தியைப் பார்க்காமல் கடலோரம் போவது சரியில்லை. எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தால் பொங்கல் விடுமுறைதான் நடுவாந்தரம்.

அத்தானுக்குச் சொன்னது

கல்லணை, பெரிய கோயில், சுவாமிமலை, தாராசுரம் மட்டும் போதும் என்றால் கேம்பரை மறந்துவிடுங்கள். டிராவலர், கும்பகோணத்தில் ரூம், தரைத்தளத்தில் வெஸ்டர்ன் டாய்லெட்டோடு. மிச்சமாகும் பணத்தில் ஒரு சின்ன வெண்கல விளக்கு வாங்கிப் போகலாம்.

வேதாரண்யமும் கோடியக்கரையும் வேண்டும், அத்தையும் கூட வர வேண்டும் என்றால் கேம்பர் எடுங்கள். ஆனால் ராத்திரிக்கு இரண்டு ரூமையும் சேர்த்துப் போடுங்கள். ஒன்றில் பெண்கள், ஒன்றில் மாமாவும் டிரைவரும். அத்தானும் பிள்ளைகளும் லாட்ஜ் வளாகத்தில் நிற்கும் வேனில் படுத்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளட்டும். வேதாரண்யத்தில் விடுதிகள் குறைவு என்பதால் முதலில் அங்கே ரூம் கேட்டுவிட்டுப் பிறகு வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் நம்பர் பலகையைப் பாருங்கள். டிரைவரோடு வாடகைக்கு என்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். நாமே ஓட்டுவதற்கு என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை வண்டியைத் தெரிந்தவர் மூலம் வாடகைக்கு எடுத்தால், ஏதாவது ஆகும்போது இன்சூரன்ஸ்காரர் கைவிரித்துவிடுவார். தரங்கம்பாடியிலிருந்து நாகப்பட்டினம் போகும் வழியில் காரைக்கால் குறுக்கே வரும். அது புதுச்சேரி யூனியன் பிரதேசம், வாடகை வண்டிக்குப் பெர்மிட் கேட்பார்கள். அகில இந்திய பெர்மிட் இருக்கிறதா என்று கேட்டு, அதன் நகலைப் போனில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று சொன்னால் தரங்கம்பாடியை விட்டுவிட்டு, கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக நேரே வேதாரண்யம் போய்விடலாம்.